24 அறை மணிப் பெட்டி: மணியை வைத்திருங்கள், நூலை மாற்றுங்கள்

விடுமுறைக் காலம் நெருங்கினால் இணையக் கடைகளில் ஒரே மாதிரியான பெட்டி ஒன்று முன்னுக்கு வந்து நிற்கும். தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி, 24 அறைகள், அறைக்கு ஒரு நிறமாகத் தட்டை மணிகள், ஓரத்தில் ஆங்கில எழுத்து மணிகள், இழுபடும் நூல் ஒரு சுருள், சின்னக் கத்தரிக்கோல், மணியைப் பிடித்தெடுக்கச் சின்னக் கவ்வி ஒன்று, கொஞ்சம் வளையங்களும் கொளுக்கிகளும். எந்தக் கம்பனிப் பெயரும் இருக்காது. கூரியரில் மட்டக்களப்புக்கு வந்து சேர 2,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே போகிறது. வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற அம்மாமார் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆரையம்பதியில் தையல் வேலை செய்கிறேன். பாடசாலை விடுமுறை விட்டால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் என் தையல் மேசையைச் சுற்றித்தான் இருப்பார்கள். சித்திரைப் புத்தாண்டு, ஓகஸ்ட் விடுமுறை, நத்தார் என்று இந்தப் பெட்டியை அவர்களோடு சேர்ந்து நன்றாகவே பாவித்திருக்கிறேன். பெரியவர்கள் போடக்கூடிய தோடும் மாலையும் எனக்காகவும் செய்திருக்கிறேன். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மணி நல்ல மணி. கோர்க்கத் தருகிற நூலும் பூட்டத் தருகிற உலோகச் சாமானும் நல்லதில்லை. கையால் செய்த நகையில் முதலில் கெடுவது மணி இல்லை, முடிச்சும் கொளுக்கியும்தான். அதனால் பெட்டியை மணிக்காக வாங்குங்கள், மற்றதை எங்கள் ஊரிலேயே வாங்குங்கள்.

மணியைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. களிமண் மணி என்று போட்டு விற்கிறார்கள், ஆனால் இதில் மண் கிடையாது. பொலிமர் கிளே என்பது பிவிசி பிளாஸ்டிக்கை நிறத்தோடு குழைத்து, ஏறத்தாழ 130 பாகை செல்சியஸில் சுட்டு இறுக்குவது. கீழே விழுந்தால் உடையாது. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. பாரமே இல்லை, நீண்ட தோடு செய்தாலும் காது இழுபடாது. நகப் பூச்சு அழிக்கிற அசிற்றோன் மட்டும் ஆகாது. பட்டால் மேற்பரப்பு இளகிப் பிசுபிசுக்கும். நகப் பூச்சும் மணியும் ஒரே மேசையில் கிடக்கிற வீடுகளில் இதைக் கவனியுங்கள்.

ஒரு மணி 6 மில்லிமீற்றர் அகலம், ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பு. அதாவது ஒரு பிள்ளையின் கைக்கு 15 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 150 மணி வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இதில் அமைதியாக ஒரு பின்னேரம் முழுக்க இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாதியில் அலுத்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய முத்துகளை இடையிடையே கலந்து கொடுத்தால் வேலை கெதியாக முடியும், செய்து முடித்த சந்தோசமும் கிடைக்கும். தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் பெட்டியை நிலத்தில் வைத்துத் திறக்கவே கூடாது. இந்த அளவு மணி தொண்டைக்குள் போகக்கூடியது.

எல்லா மணியும் ஒரே தடிப்பாக இருக்காது. சிலவற்றில் ஓட்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஒரே நிறத்தில் நீளமாகக் கோர்த்தால் மாலை நெளிந்தது போலத் தெரியும். இரண்டு மூன்று நிறங்களை மாற்றி மாற்றிக் கோர்த்தால் கண்ணுக்குத் தெரியாது. நிறங்களில் எனக்கு உள்ள குறை வேறு: வெளிறிய இளஞ்சிவப்பும் இளநீலமும் ஊதாவும் அள்ளி வைத்திருக்கிறார்கள். நல்ல சிவப்பு, மாம்பழ மஞ்சள், வாழையிலைப் பச்சை குறைவு. எங்கள் பண்டிகைகளுக்கு வேண்டியவை இந்த மூன்றும்தானே.

எழுத்து மணிகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். எழுத்துகளைக் கலந்து அள்ளிப் போட்டிருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்து அல்ல. அபிநயா என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஏ எழுத்து மூன்று. சரவணன் என்றால் நான்கு. ஷஹானாவுக்கும் மூன்று. நான்கைந்து பிள்ளைகள் பெயர் கோர்த்தவுடன் ஏ தீர்ந்துவிடும், எக்ஸும் இசட்டும் குவிந்து கிடக்கும். ஏ எழுத்தைத் தனியாக விற்கிறார்களா என்று பார்த்து, பெட்டி வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்குங்கள்.

தமிழ் எழுத்து இந்தப் பெட்டிகளில் இல்லை. அதை நாங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். வெள்ளை உருண்டை முத்தில் மெல்லிய தூரிகையால் கறுப்பு அக்ரிலிக் வர்ணத்தில் எழுதி, காய்ந்த பிறகு மேலே தெளிந்த பூச்சு ஒன்று கொடுத்தால் போதும். மார்க்கர் பேனையால் எழுதி அதன் மேல் நகப் பூச்சு அடித்தால் மை கரைந்து பரவும், அது சரிவராது. முத்து கையில் உருளாமல் இருக்க ஈர்க்கில் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். தன் பெயரைத் தமிழில் கையில் கட்டிக்கொண்டு போகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே இந்த மெனக்கெடல் தகும்.

பெட்டியின் மூடி இன்னொரு குறை. மூடிக்கும் அறைச் சுவர்களுக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது. பெட்டியைக் கொஞ்சம் சரித்தால் போதும், 24 நிறமும் ஒன்றாகிவிடும். மூடிக்கு அடியில் அதே அளவுக்கு மெல்லிய ஸ்பொன்ச் தாள் ஒன்றை வெட்டி வைத்தால் அறைகள் அடைபடும். பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

சரி, நூலுக்கு வருவோம். பெட்டியில் வருவது மெல்லிய இழுபடும் நூல். கைச் சங்கிலிக்கு அந்த வகை நூல்தான் வசதி, கொளுக்கியே தேவையில்லை. ஆனால் இவர்கள் தருகிற சுருள் கெதியாகத் தளர்ந்துவிடுகிறது. வியர்வை, வெயில், பிள்ளைகளின் கையில் எப்போதும் இருக்கிற தேங்காய் எண்ணெய், எல்லாமே இதற்குப் பகை. 0.8 மில்லிமீற்றர் நல்ல நூல் ஒரு சுருளைப் பென்சிக் கடையில் தனியாக வாங்குங்கள். கோர்க்கும் முன்பு நூலை நன்றாக இழுத்து இழுத்து விட வேண்டும். இல்லாவிட்டால் போட்டு இரண்டு நாளில் நூல் நீண்டு, மணிகளுக்கு இடையில் வெறும் நூல் தெரியும். மணியின் ஓட்டை பெரியது என்பதால் இரட்டை நூலாகவே கோர்க்கலாம்.

முடிச்சுப் போடுகிற விதமும் முக்கியம். சாதாரண முடிச்சு இந்த நூலில் வழுக்கும். முதல் முடிச்சில் நூலை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை சுற்றி இறுக்கி, அதன் மேல் இன்னொரு முடிச்சு. சத்திரசிகிச்சையில் வைத்தியர்கள் தையலுக்குப் போடுகிற முடிச்சு இதுதான். பிறகு முடிச்சைப் பக்கத்து மணியின் ஓட்டைக்குள் இழுத்து ஒளித்துவிடலாம். சுப்பர் குளு வைக்காதீர்கள். அது காய்ந்தால் நூல் அந்த இடத்தில் விறைத்து, அங்கேயே அறும். மணியிலும் வெள்ளைப் படலம் படியும்.

கழுத்து மாலைக்கு இழுபடும் நூலே வேண்டாம். மாலையின் பாரத்தில் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இதற்கு எங்களிடம் இருக்கிற சாமான் தங்கூசி, அதுதான் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூல். மட்டக்களப்பு நகரில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடைக்குப் போய்க் கேட்டேன். “எந்த மீனுக்குப் புள்ள?” என்று கடைக்கார மாமா கேட்டார். மணியை எடுத்துக் காட்டினேன். ஓட்டையைப் பார்த்துவிட்டு 0.40 மில்லிமீற்றர் சுருள் ஒன்றை எடுத்து வைத்தார். “இது இழுபடாது. கைக்குச் சரிவராது, கழுத்துக்குக் கட்டு புள்ள” என்றார். பெட்டிக்குள் வருகிற நூலைவிட இதன் விலையும் குறைவு, பலமும் பல மடங்கு. வலைக்கும் தூண்டிலுக்கும் நிற்கிற நூல் மணிக்கு நிற்காதா?

தங்கூசிக்கு இரண்டு குணம் உண்டு. சுருளிலிருந்து எடுத்தால் வளைந்து வளைந்தே நிற்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு இழுத்துப் பிடித்தால் நேராகும். அடுத்தது, முடிச்சை மட்டும் நம்ப முடியாது, வழுக்கிவிடும். நுனியை வளையத்தில் சுற்றி வந்து, நசுக்கி மூடுகிற சின்ன உலோக மணியால் இறுக்கி, மிச்ச நுனியை நான்கைந்து மணிகளுக்குள் திருப்பிச் செருகிவிட வேண்டும். தொடர்ந்து வெயில் பட்டால் நைலோன் மெல்ல முறியத் தொடங்கும் என்பதால் மாலையை யன்னலோரத்தில் தொங்கவிடாதீர்கள். வெட்டின துண்டுகளைத் தயவுசெய்து வாவிக்கரையில் போடாதீர்கள். அது உக்காது; மீனும் கொக்கும் அதில் சிக்கும்.

உலோகச் சாமான் விசயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெட்டியில் வந்த வளையங்களையும் கொளுக்கிகளையும் காந்தத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒட்டிக்கொண்டன. உள்ளே இரும்பு, மேலே பொன் நிற முலாம். நாங்கள் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே உப்புக்காற்றில். முலாம் உரிந்து கறுத்து, துரு மணியில் இறங்குவதற்கு அதிக காலம் ஆகாது.

துருவைவிடப் பெரிய விசயம் தோல். விலை குறைந்த முலாம்களில் நிக்கல் இருப்பது வழக்கம். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காது சிவந்து, கடித்து, நீர் வடியும். ஒரு தடவை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குத்தின காதில் போடுகிற பாகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பெயரில்லாத பெட்டியில் அந்த உத்தரவாதத்தை யாரிடம் கேட்பது? அதனால் தோட்டுக் கொளுக்கியை மட்டுமாவது மாற்றுங்கள். 316 வகை துருப்பிடிக்காத உருக்குக் கொளுக்கி தனியாகக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் நகைக்கடையில் 925 வெள்ளியில் ஒரு சோடி எடுத்து, கீழே தொங்குகிற மணியை மட்டும் சேலைக்கு ஏற்ப மாற்றி மாற்றிப் போடலாம். நான் அப்படித்தான் போடுகிறேன்.

வளையத்தைத் திறக்க இரண்டு சின்னக் குறடு வேண்டும். பெட்டியில் ஒன்றும் வராது. வளையத்தின் வாயை இரண்டு பக்கமும் இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டுவிடும், திரும்ப மூடாது. ஒரு நுனியை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்குமாகத் திருகித் திறந்து, அதே வழியில் திருகி மூட வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் இடைவெளி தட்டுப்படக்கூடாது.

பெட்டியில் இல்லாத அழகை இரண்டு ஊர்களிலிருந்து சேர்க்கிறேன். ஒன்று காத்தான்குடி. அபாயா தைக்கிறவர்களுக்காகச் சாமான் விற்கிற கடைகளில் கண்ணாடி மணியும் கல்லும் அவ்வளவு வகை. 2 மில்லிமீற்றர் கண்ணாடி மணியைத் தட்டை மணிகளுக்கு இடையே கோர்த்தால் பிளாஸ்டிக் தோற்றம் போய்விடும், வெளிச்சம் பட்டு மினுங்கும். நான் வழக்கமாக வாங்குகிற கடையில் காக்காவிடம் சேலைத் துண்டைக் காட்டினால் நிறம் பார்த்து அவரே எடுத்துத் தருவார். வாங்கும்போது ஓட்டைக்குள் தங்கூசி போகிறதா என்று ஒரு மணியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மற்றது மருதமுனை. அங்கே கைத்தறியில் மிஞ்சுகிற நூல் முனைகள் எனக்குக் குஞ்சம் கட்டக் கிடைக்கின்றன. உறவுக்காரர் யாராவது கல்முனைப் பக்கம் போனால் ஒரு பை கொண்டுவரச் சொல்வேன். 5 சென்ரிமீற்றர் அட்டையில் நூலைத் தடிப்பாகச் சுற்றி, மேலே ஒரு நூலால் கட்டி, கீழே வெட்டி, கழுத்துப் பகுதியை இறுக்கிச் சுற்றினால் குஞ்சம். சுற்றுகளை எண்ணிச் சுற்றினால்தான் சோடி ஒரே அளவாக வரும். பெட்டியோடு வருகிற பளபளப்புக் குஞ்சம் இரண்டு நாளில் இழை பிரியும். கைத்தறிப் பருத்தி அப்படிப் பிரியாது, நிறமும் ஆழமாக இருக்கும். தறியில் இருந்தவர் கைப்பட்ட நூல் என் தோட்டில் தொங்குகிறது என்று நினைக்க எனக்குப் பெருமைதான்.

நகைக்கு வெளியே, பண்டிகை வேலைக்கு இந்த மணி மிகவும் நல்லது. நத்தாருக்கு நட்சத்திரம் செய்வோம். கம்பிக்கு, வீட்டு மின்வேலையில் மிஞ்சின 1/1.13 வயரின் (உள்ளே 1.13 மில்லிமீற்றர் தடிப்பில் ஒற்றைக் கம்பி உள்ளது) உறையை உரித்தால் மெதுவான செப்புக் கம்பி கிடைக்கும். ஐந்து முனை நட்சத்திரத்துக்குப் பத்துப் பக்கம். பக்கத்துக்குப் பன்னிரண்டு மணி கோர்த்து, வெளியே ஒரு மடிப்பு, உள்ளே ஒரு மடிப்பு என்று மாற்றி மாற்றி வளைத்து வர வேண்டும், நுனியில் ஒரு கொக்கி. எங்கள் பக்கம் சவுக்குக் கிளையை நத்தார் மரமாக வைக்கிறவர்கள் உண்டு. அந்த மெல்லிய கிளை கண்ணாடி உருண்டைகளைத் தாங்காது, இந்த நட்சத்திரத்தைத் தாங்கும். அதே கம்பியைப் பிறையாக வளைத்தால் பெருநாளுக்கு ஆகும். பெருநாள் காசு கொடுக்கிற உறையில் பிள்ளையின் பெயர் கோர்த்த நூலோடு கட்டிக் கொடுத்தேன், என் மேசைக்கு வருகிற காத்தான்குடிப் பிள்ளைகளுக்கு. சித்திரையில் கைவிசேடம் வைக்கச் சின்ன ஓலைப்பெட்டி வாங்கி, அதன் மூடியில் மணியும் குஞ்சமும் தைத்தோம். பனையோலையும் தட்டை மணியும் அவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை, இதை எல்லா வீட்டிலும் சொல்லுங்கள். இயற்கை மணி வேண்டும் என்று பிள்ளைகள் வேலியோரத்தில் குன்றிமணி பொறுக்கி வருவார்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதைக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. முழு விதையின் தோல் அதை அடைத்து வைத்திருக்கும். ஓட்டை போட்டால் அந்தக் காவல் போய்விடும், தூளும் பறக்கும். குன்றிமணியில் மாலை வேண்டவே வேண்டாம். சிவப்பு விதைதான் வேண்டுமென்றால் மஞ்சாடி இருக்கிறது. பொட்டு இல்லாத முழுச் சிவப்பு, தட்டையாக இதய வடிவில் இருக்கும். கல்லுப் போன்றது, 1 மில்லிமீற்றர் துரப்பணத்தால் பெரியவர்கள்தான் ஓட்டை போட வேண்டும்.

பெட்டியில் முதலில் முடிவது வெள்ளையும் கறுப்பும், எந்த நிறத்தோடும் சேர்வதால். அதற்காக இன்னொரு முழுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. ஒரே நிறத்தில் சரமாகக் கோர்த்துத் தனிப் பொதியாகவும் விற்கிறார்கள். சிவப்பையும் அப்படியே எடுங்கள். ஆனால் ஒரு பெட்டியின் சிவப்பும் அடுத்த பெட்டியின் சிவப்பும் ஒன்றாக இருக்காது. ஒரு மாலைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். நத்தாருக்கு என்றால் நவம்பர் நடுப்பகுதிக்குள் சொல்லி வைப்பது நல்லது. மாரி மழையில் வீதியில் வெள்ளம் ஏறினால் கூரியர் எங்கள் பக்கம் பிந்தித்தான் வரும்.